உறைந்த இறாலைக் கப்பலில் அனுப்பினால் கெடாமல் போய்ச்சேருமா?

கேள்வி: நானும் நண்பரும் உறைந்த இறாலை அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பத் திட்டமிடுகிறோம். ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்தும் கெடாமல் இருக்குமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கெடாமல் போய்ச்சேரும். கடலில் சரக்கு கெடுவது அபூர்வம். நான் பார்த்தவரை அது கெடுவது கரையில், அதிலும் பெரும்பாலும் நம்முடைய ஆலையின் ஏற்றுமேடையில்.

தூத்துக்குடியில் இறால் ஆலைகளில் கண்டெய்னர் ஏற்றும் பிரிவில் 16 ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் சில ஆண்டுகள் எனக்கே சரியாக விளங்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ரீஃபர் கண்டெய்னர், அதாவது குளிர் இயந்திரம் பொருத்திய சரக்குப் பெட்டி, சரக்கைக் குளிர வைப்பதற்கானது அல்ல. ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அந்தக் குளிரில் காத்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. வீட்டு ஃபிரிட்ஜை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன்.

அப்போது நான் வேறொரு ஆலையில் இருந்தேன். ஒரு நாள் இரவு இரண்டு முறை மின்சாரம் போனது. இறாலை வேகமாக உறைய வைக்கும் பிளாஸ்ட் ஃப்ரீசரில் இருந்த கடைசி லாட் (ஒரு தொகுதிச் சரக்கு) முழுதாக இறுகவில்லை. மறுநாள் பிற்பகலுக்குள் பெட்டி துறைமுக வாசலைத் தாண்டியாக வேண்டும், இல்லையென்றால் கப்பல் போய்விடும். 17 டன் சரக்கில் கடைசி ஐந்து டன்னை அப்படியே எடுத்து வந்தார்கள். ஒரு கார்ட்டனைப் பிரித்து, இறால் பாளத்தில் கைத்துளைப்பானால் ஓட்டை போட்டு, தெர்மாமீட்டரின் ஊசியைச் செருகினேன். மைனஸ் 11. இருக்க வேண்டியது மைனஸ் 18. “பெட்டியில் மைனஸ் 20 வைத்திருக்கிறோமே, கொழும்பு தாண்டுவதற்குள் தானாக இறங்கிவிடும்” என்றார் மேலாளர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

இறங்கவில்லை. காரணம், பெட்டிக்குள் காற்று போகும் விதம். முன்பக்கம் இருக்கும் இயந்திரம் குளிர்ந்த காற்றைத் தரைக்கு அடியில் தள்ளுகிறது. தரை சமதளமாக இருக்காது. நெடுக அலுமினியத் தண்டவாளங்கள் போல வரிசை வரிசையாக இருக்கும். அந்த இடுக்குகளில் ஓடும் காற்று சுவரோரமும் கதவோரமும் மேலே ஏறி, சரக்கின் தலைக்கு மேலாக இயந்திரத்துக்குத் திரும்புகிறது. உறைந்த சரக்கை நடுவில் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்குகிறோம். ஆகவே காற்று அதைச் சுற்றிப் போகிறதே தவிர உள்ளே நுழைவதில்லை. வெளியிலிருந்து வரும் வெப்பத்தைத் தடுக்க அது போதும். நடுவில் சிக்கிய வெப்பத்தை வெளியே இழுக்கப் போதாது.

வாங்குபவர் சோப்புக்கட்டி அளவில் ஒரு பதிவுக் கருவியைச் சரக்குக்கு நடுவில் வைக்கச் சொல்லியிருந்தார். ஒன்பது நாட்கள் சரக்கு மைனஸ் 15-ஐவிடச் சூடாகவே இருந்ததாக அது காட்டிக்கொடுத்தது. நாங்கள் கப்பல் நிறுவனத்தின் மீது பழியைப் போட்டோம். அவர்கள் இயந்திரத்தின் நினைவகத்திலிருந்து எடுத்த பதிவை அனுப்பினார்கள். முதல் இரவிலிருந்தே மைனஸ் 25-இல் காற்றை ஓயாமல் ஊதியிருக்கிறது. திரும்பி வந்த காற்றோ மைனஸ் 14. இயந்திரத்தில் குறையில்லை, சூடான சரக்கை ஏற்றியது நீங்கள் என்று அதற்கு அர்த்தம். வாயடைத்துப் போனோம். காப்பீட்டிலும் கிடைக்கவில்லை. எங்கள் பாலிசி, குளிர் இயந்திரம் தொடர்ந்து 24 மணி நேரம் நின்றுபோனால்தான் ஈடு தரும் வகை. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லையே! விலையைக் குறைத்துக்கொண்டு முடித்தோம். பாலிசியில் இந்த 24 மணி நேர வரி இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

காற்றின் வழி என்பது இந்தத் தொழிலில் புதிய தலைவலி அல்ல. 1882 பிப்ரவரியில் ‘டுனெடின்’ என்ற பாய்மரக் கப்பல் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து ஏறத்தாழ ஐயாயிரம் உறைந்த ஆட்டு உடல்களுடன் லண்டனுக்குக் கிளம்பியது. 98 நாள் பயணம். வெப்ப மண்டலத்தில் குளிர்காற்று சரக்கறை முழுவதும் பரவவில்லை. கேப்டன் விட்சன் தானே காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்துபோய்த் துளைகளை வெட்டினார். உள்ளேயே விறைத்துப்போனவரை, காலில் கயிறு கட்டி வெளியே இழுத்தார் துணை அதிகாரி. லண்டனில் கழிக்கப்பட்டது ஒரே ஒரு உடல். இன்று நாம் யாரும் தவழ வேண்டியதில்லை. பெட்டியின் உட்சுவரில் மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதற்கு மேல் கார்ட்டன் ஏறக் கூடாது. இருந்தும் “இன்னும் இருபது கார்ட்டன்தானே” என்று கோட்டை மறைத்து அடுக்கச் சொல்லும் முதலாளிகளை நான் அறிவேன். கதவுப் பக்கமும் தரைத் தண்டவாளம் முடியும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

வெறும் பெட்டியை முன்கூட்டியே குளிர வைப்பது நல்லதுதானே என்று நீங்களும் கேட்பீர்கள். ஏற்றுமேடையும் பெட்டியும் இடைவெளியின்றிப் பொருந்தி, மேடையும் குளிரூட்டப்பட்டிருந்தால் செய்யலாம். திறந்தவெளி என்றால் வேண்டாம். தூத்துக்குடியின் கடற்காற்று குளிர்ந்த பெட்டிக்குள் புகுந்த நொடியில் சுவரெல்லாம் வியர்க்கும், கார்ட்டன் ஓரங்கள் நனைந்து தொளதொளக்கும். ஏற்றும்போது இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதும் இதனால்தான். ஓடவிட்டால் வெளி ஈரத்தை இழுத்துத் தன் குழாய்ச்சுருள் மீதே பனியாகப் படியவிட்டு மூச்சடைத்துக்கொள்ளும். வெளிக்காற்று வரும் துவாரத்தையும் மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது பழங்களுக்கானது. வாழைக்காய் மூச்சுவிடும், உறைந்த இறால் விடாது.

முன்பதிவுப் படிவத்தில் வெப்பநிலையை எண்ணால் மட்டும் எழுதாதீர்கள். ‘மைனஸ் பதினெட்டு செல்சியஸ்’ என்று எழுத்தாலும் எழுதுங்கள். மைனஸ் குறி ஒரு சின்னக் கோடு, தட்டச்சில் விழுந்துவிட்டால் இறால் 18 டிகிரியில் போகும். அமெரிக்கர்கள் இதே அளவைப் பூஜ்ஜியம் டிகிரி என்பார்கள், அவர்களுடையது ஃபாரன்ஹீட். அதை யாராவது செல்சியஸ் என்று நினைத்துப் பதிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். லாரியில் டீசல் ஜென்செட், துறைமுக முற்றத்தில் பிளக், கப்பலில் பிளக், கொழும்பில் இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றினால் அங்கேயும் பிளக். இடையே இணைப்பு இல்லாத நேரம் வரும்தான். சரியாகக் குளிர்ந்த சரக்கை நிறைய ஏற்றிக் கதவை மூடிய பெட்டி சில மணி நேரம் தாங்கும். பத்து நிமிடம் கதவைத் திறந்து வைப்பதுதான் எனக்குப் பயம்.

நாட்கள் கூடினால்? 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. வாழைக்காய் அனுப்புகிறவர்களுக்கு அது பெரும் அடி. மைனஸ் 18-இல் இருக்கும் இறாலுக்குப் பத்து நாள் ஒரு பொருட்டே அல்ல; முதலுக்கான வட்டிதான் ஏறும். அதைவிட, போய்ச்சேர்ந்த பிறகு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆய்வுக்காக நிறுத்தினால், பெட்டி துறைமுகத்தில் பிளக்கோடு நிற்கும் நாட்களுக்கெல்லாம் யார் கட்டணம் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறாலில் ஆன்டிபயாட்டிக் மருந்தின் மிச்சம் இருக்கிறதா என்ற சோதனையை இங்கேயே முடித்து அறிக்கை வாங்கியிருந்தால் நிம்மதி.

இப்போது இருக்கும் ஆலையில் ஒவ்வொரு லாட்டிலும் மூன்று கார்ட்டன்களைத் துளையிட்டுப் பார்த்து, மைனஸ் 18 காட்டினால்தான் கையெழுத்து. ஒன்று தவறினாலும் அந்த லாட் திரும்பவும் ஃப்ரீசருக்குப் போகும். கப்பலைத் தவறவிட்டதும் உண்டு. துளையிட்ட பாளத்தை ஏற்றுமதிக்கு அனுப்ப முடியாது என்பதால் அன்றைக்கு எங்கள் கேன்டீனில் இறால் குழம்பு. முதலாளிக்குக் கப்பல் போனதைவிட இதில்தான் வருத்தம் அதிகம்.