ஊருணி தூர்வார யாரிடம் காசு கேட்பது? ஒரு பழைய ஓவர்சியரின் பதில்கள்

ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருணி, கண்மாய், பூங்கா போன்ற பொதுக் காரியங்களுக்கு உள்ளாட்சிப் பணம் வாங்குவது எப்படி என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். சிலவற்றுக்கு ஒரு வரிதான் பதில். ஒன்று மட்டும் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சுழி பக்கமிருந்து: ஐயா, எங்கள் ஊர்க் கண்மாய் தூர்ந்து கிடக்கிறது. ஊராட்சிச் செயலரைக் கேட்டால், "இது நம்ம கண்மாயே இல்லை" என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?

தட்டிக்கழிக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையுடையது. அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். குடிநீர் ஊருணியும் குட்டையும்தான் கிராம ஊராட்சி. கோயில் தெப்பக்குளம் என்றால் அறநிலையத் துறை வாசலுக்குப் போக வேண்டும். முதலில் வி.ஏ.ஓ.விடம் புல எண்ணைச் சொல்லி, கணக்கில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இடம் தெரியாமல் கொடுத்த மனு மேசை மேசையாகச் சுற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சிவகங்கையிலிருந்து: நமக்கு நாமே திட்டத்தில் ஊருணியைச் சீர்செய்ய ஊரில் பேசிவிட்டோம். நாங்கள் எவ்வளவு போட வேண்டும்? வேலையை யார் செய்வார்கள்?

எஸ்டிமேட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. 6 லட்சம் வேலை என்றால் ஊர் 2 லட்சம், மீதி அரசு. அதிகம் போடுவதற்கு வரம்பு கிடையாது. உங்கள் பங்கு பாதியை எட்டிவிட்டால் வேலையை ஊர்க்காரர்களே எடுத்துச் செய்யலாம். அதற்குக் கீழே என்றால் டெண்டர்தான். முடிந்தால் பாதிக்கு முயலுங்கள். சொந்தக் கரையில் சொந்த ஆள் நின்று பார்க்கிற வேலை வேறு மாதிரி இருக்கும். அப்புறம், பழைய ஆட்கள் "தன்னிறைவுத் திட்டம்" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். 1997-ல் நமக்கு நாமே என்று வந்தது, 2011-ல் தன்னிறைவு ஆனது, 2021-ல் பழைய பெயருக்குத் திரும்பியது.

ஆனால் எஸ்டிமேட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைத்தான் நீங்கள் கேட்கவில்லை. எல்லா ஊரிலும் முதல் ஆசை ஜே.சி.பி. ஆழம் தெரிந்தால் காசு தெரிகிறது என்று ஒரு நினைப்பு. ஒரு ஊரில், பெயர் வேண்டாம், மூன்றடி எடுக்க வேண்டிய ஊருணியில் ஏழடி எடுத்தார்கள். அடியில் இருந்த களிமண் கிழிந்து வெள்ளை மணல் எட்டிப் பார்த்தது. ஐப்பசியில் கரை தொட நிறைந்தது. பொங்கல் வருவதற்குள் தரை தெரிந்துவிட்டது. கரையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி, "அடி ஓட்டைக் குடத்தைப் பெருசா வனைஞ்சிட்டீங்களேய்யா" என்றார். அந்த வேலைக்கு எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அதனால் சொல்கிறேன்: காசில் பெரும்பங்கை வரத்துக்காலுக்கு ஒதுக்குங்கள். தண்ணீர் வரும் வழி மறித்துக் கிடந்தால் ஊருணி எவ்வளவு ஆழமாக இருந்து என்ன? கலங்கு (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்), படித்துறை, கரையை இறுக்குவது இவையெல்லாம் அதற்கு அடுத்தது. தூர் எடுப்பது கடைசி, அதுவும் களி தட்டினால் நிறுத்திவிட வேண்டும்.

உசிலம்பட்டியிலிருந்து: எடுத்த வண்டலை வயலுக்கு அடிக்க அனுமதி வேண்டுமா?

வேண்டும், ஆனால் மண்ணுக்குக் காசு கிடையாது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுக்கலாம். முன்பு கலெக்டர் அலுவலகம் வரை போக வேண்டியிருந்தது. 2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார்.

விருதுநகரிலிருந்து ஒரு தங்கை: கிராம சபையில் தீர்மானம் போட்டு ஒரு வருடம் ஆகிறது. ஒன்றும் நடக்கவில்லை. இப்போது தலைவரும் இல்லை, தனி அலுவலர்தான். இனி கேட்டுப் பயன் உண்டா?

உண்டும்மா. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, கிராம சபை முடியவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். 500-க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் வந்திருக்க வேண்டும். தலை குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று யாராவது ஓரத்தில் எழுதிவிடுவார்கள்.

உங்கள் தீர்மான நகலை எடுத்துப் படித்துப் பாருங்கள். "ஊருணியைச் சீரமைக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தால் அது தீர்மானம் இல்லை, ஆசை. புல எண், என்ன வேலை, எந்த நிதி, மூன்றும் இருக்க வேண்டும். 15-வது நிதி ஆணையத்தின் 2021–26 மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவழிக்கக்கூடிய பணம். அதில் பாதி துப்புரவுக்கு, மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. ஊருணியை "அழகுபடுத்துதல்" என்று எழுதினால் அந்தப் பக்கமே போக முடியாது. "மழைநீர் சேகரிப்பு" என்று எழுதினால் குறைந்தபட்சம் வாசலுக்குள் விடுவார்கள். வார்த்தை விளையாட்டு போலத் தெரியும், ஆனால் ஊருணி செய்வது அதைத்தானே!

கோவையிலிருந்து: எங்கள் லேஅவுட்டில் பூங்கா இடம் புதராகக் கிடக்கிறது. சங்கமே பணம் போட்டுச் செய்யலாமா?

அது தானப் பத்திரமாக மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த திறவிட ஒதுக்கீடா (லேஅவுட்டில் பொதுவுக்கென்று விட்ட இடம்) என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் நகர்ப்புற நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, அதில் கேளுங்கள். இன்னும் பில்டர் பெயரிலேயே இருந்தால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

தேனியிலிருந்து: 500 மரக்கன்று நட நிதி கிடைக்குமா?

நடக் கிடைக்கலாம், தண்ணீர் ஊற்றவும் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். தினமும் குடம் தூக்க எத்தனை வீடு ஒப்புக்கொள்கிறதோ அத்தனை கன்று நடுங்கள்.

மறுபடியும் சிவகங்கை: எஸ்டிமேட் போட ஆள் வரவே மாட்டேன் என்கிறார்கள், ஐயா.

ஒரு ஓவர்சியருக்குப் பத்து ஊர் இருந்தால் அப்படித்தான் ஆகும். நீங்களே ஆரம்பித்துவிடுங்கள். சித்திரையில் வரத்துக்கால் காய்ந்து கிடக்கும்போது 30 மீட்டர் டேப்பும் நாலைந்து முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு, ஊருணியிலிருந்து மேட்டுப் பக்கம் நடங்கள். ஒவ்வொரு 30 மீட்டருக்கும் ஒரு குச்சி அடித்து அகலம், ஆழம், எந்த இடத்தில் யார் வேலி மறிக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாசலில் நிற்பவரை, "அப்புறம் வாங்க" என்று நான் இருந்தவரை ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை.