வினா, விடை, மனப்பாடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாக குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறேன். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் படிப்பு. மாமா பையன் படித்து முடித்துவிட்டுக் கொடுத்த பொது அறிவுப் புத்தகம்தான் என்னிடம் இருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம், இந்தியாவுக்கு 29 மாநிலம் என்று போட்டிருக்கும். நானே பேனாவால் திருத்தி வைத்திருக்கிறேன்.

போன வாரம் என் தம்பி, "இதெல்லாம் போன்ல கேட்டா ஒரு நொடியில சொல்லிடும். எதுக்கு இப்படி உருப்போடுற?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி, ஏழாம் வகுப்பு படிக்கும் தங்கை புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாள். எவரெஸ்டின் உயரத்தை முதலில் கணக்கிட்டவர் யார்? ராதாநாத் சிக்தார், 1852 என்றேன். முதலில் ஏறியவர்கள்? டென்சிங், ஹிலாரி, 1953 என்றேன். இரண்டும் சரி. உடனே அவள், "அப்ப யாருமே ஏறாம எப்படிக்கா அளந்தாங்க?" என்றாள். "அது பரீட்சைக்கு வராது, அடுத்த கேள்வியைக் கேளு" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து மனசு கேட்கவில்லை. நான் படிப்பது அறிவுதானா, இல்லை வெறும் மனப்பாடமா?

க.,
செங்கோட்டை

அன்புள்ள க.,

முதலில் உங்கள் தங்கைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவள் கேட்டது நல்ல கேள்வி, அவளைக் காக்க வைக்கக் கூடாது.

ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரண்டு முனைகளில் உள்ள கோணங்களும் தெரிந்தால் போதும், மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று ஒரு நாட்டையே அளந்துகொண்டு போகலாம். முதல் பக்கத்தை மட்டும் தரையில் சங்கிலி போட்டு அளந்தாக வேண்டும். அந்த முதல் பக்கம் அளக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை நூறடிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்த வெயிலில் இரும்புச் சங்கிலி நீளுமே, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் அளந்தார்கள்.

கோணத்தை அளக்க அவர்களிடம் இருந்த தியோடலைட் கருவியின் எடை அரை டன். அதை உயரமான இடத்தில் ஏற்றினால்தான் தொலைவில் உள்ள அடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரியும். காவிரிப் படுகையில் மலைக்கு எங்கே போவது? கோயில்களின் மேலேதான் ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வாரக்கணக்கில் தன் கையாலேயே தட்டி நிமிர்த்தி அதைச் சரிசெய்தார்.

அந்த முக்கோண வரிசை வளர்ந்து இமயத்தின் அடிவாரத்தைத் தொடுவதற்குள் லாம்ப்டன் இறந்துவிட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டும் ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டார். நேபாளம் தன் எல்லைக்குள் யாரையும் விடவில்லை. அதனால் பீகார்ச் சமவெளியில் நின்றுகொண்டு, 160 கிலோமீட்டருக்கும் அப்பால் தெரிந்த பனிச் சிகரங்களைப் பல இடங்களிலிருந்து குறிபார்த்தார்கள். வளிமண்டலத்தில் ஒளி வளைந்து வருவதற்கு எவ்வளவு கழிப்பது, பூமி உருண்டையாக இருப்பதற்கு எவ்வளவு கூட்டுவது என்றெல்லாம் கணக்குப் போட்டவர்தான் நீங்கள் பெயர் சொன்ன வங்காளத்துக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார். அப்போது அந்தச் சிகரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, 15 என்ற எண்தான். 1856-இல் வெளியான உயரம் 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். அத்தனை தூரத்தில் நின்று பார்த்தவர்களின் கணக்கு ஒன்பது மீட்டர்தான் குறைந்தது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்கு அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1852 என்பதும் 1953 என்பதும் அடுத்தடுத்து அவள் காதில் விழுந்தன. இரண்டும் ஒன்றோடொன்று முட்டின. உங்கள் மனப்பாடத்திலிருந்துதான் அந்தக் கேள்வி பிறந்தது. மனப்பாடத்தை மட்டமாகப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியையும் நிகண்டையும் உருப்போட்டுத்தான் நம் முன்னோர் கணக்கும் தமிழும் கற்றார்கள். தலைக்குள் பத்து விடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்றைப் பார்த்து இன்னொன்று "அதெப்படி?" என்று கேட்கும். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: போன் கேட்டதற்குப் பதில் சொல்லும். எதைக் கேட்பது என்பது தலையில் இருப்பதிலிருந்துதான் வரும்.

உங்கள் ஊரிலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஆஷ் துரையைச் சுட்டது யார் என்ற கேள்வி உங்கள் புத்தகத்தில் கட்டாயம் இருக்கும். செங்கோட்டை வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். அவர் வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் அரசின் வனத்துறையில். திருநெல்வேலி கலெக்டரைச் சுட்டவருக்குத் திருவிதாங்கூரில் என்ன வேலை என்று ஒரு நிமிடம் குழப்பமாக இருக்கும். இப்போது புத்தகத்தில் வேறொரு பக்கத்தைப் புரட்டுங்கள். மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாள், 1956 நவம்பர் 1. அன்றுதான் கன்னியாகுமரியோடு செங்கோட்டையும் நம் மாநிலத்தில் சேர்ந்தது. வாஞ்சிநாதன் காலத்தில் உங்கள் ஊர் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. மலையைத் தாண்டிப் புனலூர் போய் வேலை பார்ப்பது சொந்த ராஜ்யத்துக்குள்ளேயே வேலை பார்ப்பதுதான். இரண்டு பக்கங்களில் தனித்தனியாகக் கிடந்த விடைகள், சேர்த்து வைத்தவுடன் உங்கள் ஊரின் கதையாகிவிடுகின்றன.

நீங்கள் பேனாவால் திருத்திய அந்த 32-ம் இதே கதையின் தொடர்ச்சிதான். 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது நீங்கள் வீட்டைவிட்டு நகராமலேயே மாவட்டம் மாறினீர்கள். அந்த ஆண்டு கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூரும் பிரிந்து 37 ஆயின. அடுத்த ஆண்டு மயிலாடுதுறை சேர்ந்து 38. 29 மாநிலம் 28 ஆனதும் 2019 அக்டோபரில்தான், ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டபோது. ஒன்பது கிரகம் எட்டானது 2006 ஆகஸ்டில். விடையைத் திருத்தும்போது ஓரத்தில் ஆண்டையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதி வையுங்கள். அந்த ஓரக்குறிப்புதான் நாளைக்கு நினைவில் நிற்கும்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு வினாடி வினாப் போட்டியில் கலந்துகொண்டேன். மனித உடலில் எத்தனை எலும்புகள் என்ற கேள்வி எதிர் அணிக்குப் போனது. அதில் இருந்த ஒரு பெண்ணின் அம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் எழுந்து, "பெரியவங்களுக்கா, பிறந்த குழந்தைக்கா சார்?" என்று கேட்டாள். கேள்வி கேட்டவர் "பதில் மட்டும் சொல்லு" என்று அதட்டினார். அவள் தயங்க, கேள்வி எங்களிடம் வந்தது. நான் 206 என்றேன். எங்கள் அணிக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கிடைத்தது. பல வருடம் கழித்து அக்காவின் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது அம்மா என் விரலைப் பிடித்து உச்சிக்குழியில் வைத்தார். மெத்தென்று இருந்தது, உள்ளே துடிப்பதுகூட விரலில் தெரிந்தது. மண்டை எலும்புகள் இன்னும் சேராத இடம் அது. ஒன்றரை வயது வாக்கில்தான் மூடும். பிறக்கும்போது ஏறக்குறைய 300 துண்டுகளாக இருப்பவை, முதுகின் அடியில் ஐந்து ஒன்றாவது போல ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இருபது வயதைத் தாண்டித்தான் 206-இல் வந்து நிற்கின்றன. அந்தப் பெண் கேட்டது எங்கள் விடையைவிடப் பெரிது. அந்தப் புள்ளி அவளுக்குத்தான் சேர வேண்டியது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

சில இடங்களில் இந்த முட்டல் உயிர் விஷயம். எல்லோருக்கும் ரத்தம் கொடுக்கக்கூடிய பிரிவு எது என்றால் ஓ என்று எழுதுவோம், சரியாகச் சொன்னால் ஓ நெகட்டிவ். 1952-இல் கண்டறியப்பட்ட அரிய பிரிவு எது என்றால் பம்பாய் ரத்தப் பிரிவு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பம்பாய்ப் பிரிவுக்காரருக்கு ஓ ரத்தம் சேராது. ஏ, பி இரண்டும் உருவாவதற்கு அடித்தளமாக ஹெச் என்ற பொருள் இருக்கிறது. ஓ பிரிவில் அது உண்டு, பம்பாய்ப் பிரிவில் அதுவும் கிடையாது. ஆகவே அவர்கள் உடம்பு ஓ ரத்தத்தையும் எதிரியாகவே பார்க்கும். சாதாரணச் சோதனையில் அவர்களும் ஓ என்றே தெரிவார்கள் என்பதுதான் இதில் ஆபத்து. அவர்களுக்கு அதே பிரிவுக்காரர்தான் கொடுக்க முடியும்.

உங்கள் தங்கை மாதிரி ஒரு சிறுமி லக்னோவில் இருந்தாள். இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று நாம் எல்லோரும் படித்தோம். அப்படி அறிவித்த ஆணை எங்கே என்று அவள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று 2012-இல் மத்திய அமைச்சகம் பதில் அனுப்பியது. எத்தனையோ புத்தகங்களில் அச்சாகியிருந்த விடையை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்ட கேள்வி அசைத்துவிட்டது.

உங்கள் நாள் நீளமானது என்று தெரியும். கடை மூடி வந்து படிக்கும்போது ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் இப்படிப் போய்க்கொண்டிருக்க முடியாது, போகவும் வேண்டாம். தேர்வு முக்கியம், உருப்போட வேண்டியதை உருப்போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விடையை மட்டும் எடுத்து, தங்கையோடு சேர்ந்து "இது யாருக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

அப்புறம் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ எண்பது வயதைத் தாண்டிய பாட்டி, தாத்தா யாராவது இருப்பார்கள். 1956-இல் ஊர் இந்தப் பக்கம் சேர்ந்தபோது என்ன மாறியது, அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் சொல்லிக்கொடுத்தார்களா, வரி கட்டவும் வழக்குக்கும் எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்கிறபடியே, அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். அடுத்த கடிதமாக இங்கே போடுகிறேன்.