ஓரத்தில் நீட்டிய கை

கேள்வி: நாளிதழ் ஒன்றில் படங்களைச் சரிசெய்யும் பிரிவில் இருக்கிறேன். விபத்து நடந்த இடத்தில் எடுத்த படம் ஒன்றின் ஓரத்தில், செல்போனை நீட்டிப் பிடித்த யாரோ ஒருவரின் கை தெரிந்தது. "கண்ணை உறுத்துது, எடுத்துடு" என்றார் ஆசிரியர். ஃபோட்டோஷாப்பில் எடுத்துவிட்டேன். படமும் அச்சாகிவிட்டது. செய்தி மாறவில்லையே என்கிறார் அவர். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நான் செய்தது தவறா?
- பெயர் வேண்டாம்

பதில்: தவறுதான். உங்கள் மனம் சரியாகவே சொல்கிறது.

2013-இல் சிரியாவில் அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்துக்காகப் போரைப் படமெடுத்தவர் நர்சிசோ கொன்ட்ரேராஸ். அதே ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் ஒருவர். ஒரு படத்தின் கீழ்மூலையில் கிடந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவை அழித்து, பக்கத்துத் தரையை நகலெடுத்து அங்கே ஒட்டினார். படத்திலிருந்த போராளியைத் தொடவே இல்லை. பிறகு அவரே அதை ஒப்புக்கொண்டார். 2014 ஜனவரியில் நிறுவனம் அவருடனான உறவை முறித்துக்கொண்டது. அவர் எடுத்த ஏறக்குறைய 500 படங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். வேறு எதிலும் திருத்தம் இல்லை. அப்படியும் முடிவு மாறவில்லை. ஒரு படத்தில் கை வைத்ததால் மற்ற எல்லாமே சந்தேகத்துக்குள்ளாயின, பாருங்கள். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

உங்கள் படத்தில் அந்தக் கை வெறும் இடைஞ்சல்தானா? அடிபட்டவர் கிடக்க, ஒருவர் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் அங்கே நடந்ததுதானே! அதை வாசகரிடமிருந்து மறைத்துவிட்டீர்கள்.

"க்ராப் செய்தாலும் கை போயிருக்குமே" என்று ஆசிரியர் கேட்கலாம். போயிருக்கும். சூழலையே மாற்றிக் காட்டும்படி வெட்டினால் அதுவும் தவறு. ஆனால் வெட்டியபின் எஞ்சும் படத்தில், கேமரா பார்க்காதது எதுவும் இருக்காது. நீங்கள் கை இருந்த இடத்தில் இல்லாத சாலையை வரைந்திருக்கிறீர்கள்.

வெளிச்சத்தை ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. 1994-இல், கொலை வழக்கில் கைதான அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் புகைப்படத்தை டைம் இதழ் கறுப்பாக்கி அட்டையில் போட்டது. நியூஸ்வீக் அதே படத்தை அப்படியே வெளியிட்டிருந்ததால், கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

முதலில் புகைப்படக்காரரிடம் சொல்லுங்கள். படத்தின் கீழே இருப்பது அவர் பெயர். இணையதளத்தில் மூலப் படத்தைப் போட்டு, திருத்தக் குறிப்பும் வெளியிட ஆசிரியரை வற்புறுத்துங்கள். அடுத்த முறை "எடுத்துடு" என்றால், அதே இடத்தில் எடுத்த வேறு படம் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.