கிரேக்கத்தில் மலையும் மணல் கடற்கரையும் ஒரே தீவில் கிடைக்குமா? சாண்டோரினியை விட்டுவிடலாமா?

தாராளமாக விட்டுவிடலாம். நாக்ஸோஸ் தீவுக்குப் போங்கள். "சாண்டோரினி பார்க்காம கிரீஸ் போனேன்னு வெளியில சொல்லிக்காதீங்க மாப்ளே" என்று என் மைத்துனர் இன்னமும் கிண்டல் செய்கிறார். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம்.

சாண்டோரினி அழகில்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் எரிமலைக் கறுப்பு மணலும் கூழாங்கல்லும். நாக்ஸோஸின் மேற்குக் கரையில் அகியோஸ் புரோகோபியோஸ், அகியா அன்னா, பிளாக்கா என்று வெளிர் மணல் நீண்டுகொண்டே போகிறது. துறைமுக ஊரான கோராவிலிருந்து பஸ் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் மெல்டெமி என்கிற வடகாற்று மணலை முகத்தில் அடிக்கும், கப்பலும் தாமதமாகும். ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது.

மலையும் வேண்டும் என்கிறீர்கள், அதனால் வீட்டுப் பெரியவர்களும் கூட வருகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நாங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். கடற்கரையில் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை, "வெயில்ல படுக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். சரி என்று வாடகைக் காரில் மலைக்குக் கிளம்பினோம். (இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கொண்டை ஊசி வளைவுகள் அதிகம்.)

சைக்லடீஸ் தீவுகளிலேயே உயரமான ஸாஸ் மலை இங்கேதான் இருக்கிறது, சுமார் 1,000 மீட்டர். அடிவாரத்தில் ஃபிலோட்டி, அதைத் தாண்டினால் அபிராந்தோஸ். அபிராந்தோஸ் தெருவெல்லாம் பளிங்குக்கல். அங்கே அப்பா வீடுகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, குனிந்து கல்லைத் தடவிக்கொண்டே வந்தார். அப்புறம் கிழக்கே இறங்கி மூட்சூனா என்கிற குட்டித் துறைமுகத்துக்குப் போனோம். இந்தத் தீவு பழங்காலத்திலிருந்தே எமரிக் கல்லுக்குப் பேர்போனது. பட்டறையில் தேய்க்கிறோமே எமரி பேப்பர், அதே எமரி. சுரங்கத்திலிருந்து கல்லைத் தொட்டி தொட்டியாகத் துறைமுகத்துக்கு இறக்க 1920களில் கம்பிவழி (ரோப்வே) போட்டிருக்கிறார்கள். இப்போது ஓடுவதில்லை, கோபுரங்களும் கம்பியும் துருவேறி நிற்கின்றன. அப்பா ஒரு கப்பியின் கீழே நின்று, பாரம் ஏறிய தொட்டி இறங்கும்போது காலித் தொட்டி எப்படி மேலே ஏறும் என்று என் மகளுக்குக் கையாட்டி விளக்கினார். எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை.

இதற்காக மூட்சூனா எல்லோருக்கும் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. இரும்பில் ஆர்வமில்லாதவர்கள் வடக்கே அப்போலோனாஸ் போகலாம். முடிக்காமல் விட்ட பத்து மீட்டருக்கும் அதிகமான பளிங்குச் சிலை ஒன்று, குவாரியிலேயே மல்லாந்து கிடக்கிறது. சைவம் என்றால் பயப்பட வேண்டாம், நாக்ஸோஸ் உருளைக்கிழங்கும் கிராவியேரா சீஸும் பிரபலம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கு அப்பா "திரும்பி வருவார்" என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். சம்பளச் சீட்டு இல்லையாம். வாழ்நாள் முழுக்கப் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்தவரிடம் சம்பளச் சீட்டு எப்படி இருக்கும்? வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, என் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இழுத்தடித்தார்கள். பட்டறை வைத்திருக்கும் பெரியவர்கள் வருவதாக இருந்தால் ஜிஎஸ்டி பதிவு, வருமான வரி ரசீதுகளை முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

வேறு சந்தேகம் இருந்தால் கமென்ட்டில் கேளுங்கள். சாண்டோரினியில் எந்த ஹோட்டல் நல்லது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், என் மைத்துனர் நம்பர் தருகிறேன்.