நிலத்தை விற்காதீர்கள், அந்த நோட்டைப் பாருங்கள்

அம்மா, நீட் இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை, நிலத்தை விற்றாவது தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லிப் பெரியப்பா நெருக்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். விற்காதீர்கள். மகள் டாக்டராக ஆசைப்படுகிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கறிவேப்பிலைச் செடியில் வண்ணத்துப்பூச்சி இட்ட முட்டைகளுக்குத் தேதி போட்டு, எது எத்தனை நாளில் பொரித்தது, எது பொரிக்கவில்லை என்று நோட்டில் எழுதுகிறாளாம். அதை 'வேண்டாத வேலை' என்கிறீர்கள். ஆனால் முட்டை ஏன் பொரிக்கவில்லை என்று கேட்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது.

பட்டுப்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலுரிப்பு ஹார்மோனான எக்டைசோனைத் தாய்ப்பூச்சி முட்டைக்குள் பாஸ்பேட்டோடு பிணைத்து வைத்துவிடுகிறது. பூட்டிய பெட்டியில் வைத்த பணம் மாதிரி. சில முட்டைகள் உடனே வளரும், சில குளிர்காலம் முழுவதும் உறங்கும். உறங்காத முட்டையில் ஒரு நொதி அந்தப் பாஸ்பேட்டை வெட்டி ஹார்மோனை விடுவிக்கிறது. கரு வளர்ந்து, 25 டிகிரியில் சுமார் பத்து நாளில் பொரிக்கிறது. உறங்கும் முட்டையில் அந்த நொதி உருவாவதே இல்லை. பூட்டு திறக்காது, கருவும் குளிர்காலம் கழியும்வரை எழாது.

வெண்பட்டு முட்டை அப்படி உறங்கினால் விவசாயிக்குக் கட்டுப்படியாகுமா? அதனால் உறக்கத்தைக் கலைக்க, பட்டு முட்டை தயாரிக்கும் வித்தகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைக்கிறார்கள். முட்டையிட்டுச் சுமார் 20 மணி நேரத்தில், ஒப்படர்த்தி 1.075 உள்ள அமிலத்தை 46 டிகிரிக்குச் சூடாக்கி, ஐந்து நிமிடம். பிறகு அமில வாடை போகும்வரை ஓடும் நீரில் அலச வேண்டும். ஒரு நாள் தாண்டினால் பொரிப்பு குறையும். சூடோ நேரமோ கூடினால் கரு சாகும். சரியாக அலசாவிட்டாலும் அதே கதி.

வேலை முடிந்ததும் எக்டைசோன் சிதைந்தும் ஆக வேண்டும். பழ ஈயில் அதைச் சிதைக்கும் சிஒய்பி18ஏ1 என்ற மரபணு பழுதானால் பூச்சி கூட்டுப்புழு நிலையிலேயே மடிகிறது. பூச்சியை இளம்பருவத்திலேயே நிறுத்தி வைக்கும் இளமை ஹார்மோனைப் போல நடிக்கும் பைரிப்ராக்ஸிஃபென் மருந்தை வெள்ளை ஈ முட்டையில் தெளித்தால் பொரிக்காமல் போவதும் ஹார்மோன் கணக்கு தப்புவதால்தான். 1954இல் ஜெர்மனியில் பூட்டெனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தார்கள். பொறுமைக்கு இதைவிட என்ன அளவுகோல்?

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நான்காண்டு பி.எஸ்சி. பட்டுப்புழுவியல் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது; பிளஸ் 2 மதிப்பெண்ணில் சேர்க்கை, நீட் கிடையாது. பி.எஸ்சி. வேளாண்மை கிடைத்தால் அதுவும் சரி, முதுநிலையில் பூச்சியியல் எடுக்கலாம். பிறகு மைசூரு மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம், ஓசூரின் பட்டு மரபுவளக் காப்பகம், பெங்களூரின் பூச்சி வள ஆய்வகம் என்று போக இடம் உண்டு.

ஒன்றை மறைக்க மாட்டேன்: பி.எஸ்சி.யோடு நின்றால் ஆராய்ச்சி வேலை கிடைக்காது. முனைவர் பட்டம் வரை பத்து வருடத்துக்குக் குறையாது. ஆனால் சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வில் தேறினால், முனைவர் பட்ட ஆய்வின்போது மாதம் 37,000 ரூபாய் அவளுக்கு வரும். பெரியப்பா சொல்லும் வழியில் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

இந்த வாரமே அவளை ஒரு அரசு பட்டு முட்டை வித்தகத்துக்கு அழைத்துப் போங்கள். பிடிக்கவில்லை என்றால் அவளே சொல்வாள், அதையும் கேளுங்கள். விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை அவளே நிரப்பட்டும். அப்போது பெரியப்பா பக்கத்தில் உட்கார வேண்டாம்.