வசூலுக்கு வந்த டியூக்

கேள்வி: நீங்கள் நேரில் பார்த்த வெண்கல உருவச்சிலைகளில் மறக்க முடியாதது எது? அதைச் செய்தவர் யார்?

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் இருக்கும் முதலாம் கோசிமோ தெ மெதிச்சியின் மார்பளவுச் சிலை. பதினாறாம் நூற்றாண்டில் பிளாரன்ஸை ஆண்ட டியூக் அவர். வார்த்தவர் பென்வெனூத்தோ செல்லினி. நானும் மனைவியும் போனது மைக்கேலாஞ்சலோ செய்த மதுக்கடவுள் பாக்கஸின் சிலைக்காக. அதே அறையில் இவர் எங்கள் பக்கம் திரும்பாமல் முறைத்துக்கொண்டு நின்றார். "கொடுத்த கடனை வசூல் பண்ண வந்தவர் மாதிரி இருக்காரே" என்றாள் மனைவி. மெதிச்சிகள் வங்கி நடத்திப் பெரிய ஆளான குடும்பம் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது!

மார்பளவுதான் என்றாலும் சிலை நிஜ அளவைவிடப் பெரியது, ஒரு மீட்டருக்கு மேல் உயரம். தலை ஒரு பக்கம் வெட்டித் திரும்பியிருக்கிறது, புருவம் நெரிந்திருக்கிறது. கவசத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தோளில் வாயைப் பிளந்த ஒரு கோர முகம், மார்பில் கிரேக்கப் புராணத்தில் வரும் பாம்புக் கூந்தல் அரக்கி மெதுசாவின் தலை, அப்புறம் சின்னதாகத் தொங்கும் ஓர் ஆட்டுக்கிடாய். அந்தக் கிடாய் 'பொன் ஆட்டுத்தோல்' என்ற வீரர் விருதின் சின்னம். புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1545-இல் கோசிமோவுக்குக் கொடுத்தது. இவ்வளவு நுணுக்கம் எப்படி என்றால், செல்லினி அடிப்படையில் பொற்கொல்லர். பிரெஞ்சு மன்னருக்குத் தங்கத்தில் உப்புக்கிண்ணம் செய்துகொடுத்த கை அது. வார்த்து எடுத்த பிறகு உளியால் தாடியை இழை இழையாகச் செதுக்கியிருக்கிறார்.

இவ்வளவும் ஒரு வெள்ளோட்டத்துக்காக என்பதுதான் வேடிக்கை. 1545-இல் பிரான்சிலிருந்து ஊர் திரும்பிய செல்லினியிடம் டியூக் கேட்டது, மெதுசாவின் தலையை வெட்டிய வீரன் பெர்சியஸின் சிலை. அவ்வளவு பெரிய உருவம் வெண்கலத்தில் சரியாக வருமா என்று டியூக்குக்கே சந்தேகம். வார்ப்புக்கு எந்த மண் தாங்கும் என்று பார்க்கத்தான் முதலில் இந்தத் தலையை வார்த்தேன் என்று செல்லினியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். களிமண் மாதிரியைச் செய்த நாட்களில் அவருக்கு இடுப்பு வலி வேறு. மண் கருவின் மேல் மெழுகு, மெழுகின் மேல் மறுபடி மண், சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடைவெளியில் உலோகம். மண்ணில் ஈரம் தங்கினாலோ வெடிப்பு விட்டாலோ மாதக்கணக்கான உழைப்பு வீண். அதனால் அந்தப் பயம் நியாயமானதுதான்.

சிலை செய்யத் தொடங்கியபோது கோசிமோவுக்கு 26 வயது என்றால் நம்ப முடிகிறதா? முந்தைய டியூக் கொலையுண்டதும் 1537-இல் 17 வயதில் பதவிக்கு வந்தவர், அதுவும் குடும்பத்தின் கிளை வழியிலிருந்து. அவரை பண்டைய ரோமப் பேரரசர் போலக் காட்ட செல்லினியின் எதிரியான பந்தினெல்லியும் ஒரு பளிங்குச் சிலை செய்திருக்கிறார். அதில் கோசிமோ அமைதியாக, கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருக்கிறார். (பந்தினெல்லி செய்த ஹெர்குலிஸின் தசைகளை முலாம்பழ மூட்டையைப் பார்த்துச் செய்தது என்று டியூக் முன்னாலேயே கிண்டல் செய்தவர் செல்லினி. வாய் கொஞ்சம் அதிகம்.)

இந்த வெண்கலத் தலை டியூக்கின் அரண்மனையில் நிலைக்கவில்லை. 1557-இல் எல்பா தீவுக்கு, கோசிமோ கட்டிய போர்த்தோஃபெர்ராயோ கோட்டைக்கு அனுப்பி, வாசலுக்கு மேல் வைத்துவிட்டார்கள். பின்னாளில் நெப்போலியனை நாடு கடத்திய அதே தீவுதான். முறைப்பு பிடிக்காமல் துரத்திவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடற்கொள்ளையர் நடமாடிய கரையில் கோட்டை வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான முகம் எங்கே கிடைக்கும்? 1781-இல்தான் பிளாரன்ஸுக்குத் திரும்பியது.

மனைவி சொன்ன கடன் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். 1554-இல் பெர்சியஸ் திறப்பு விழா கண்டதும் செல்லினி 10,000 தங்கக் காசு கேட்டார். பேரம் பேசி 3,500-க்கு முடித்தார்கள். அதையும் டியூக்கின் ஆட்கள் தவணை தவணையாக இழுத்தடித்தார்கள். வசூலுக்கு அலைந்தவர் செல்லினிதான்.