மியூனிக்கில் உங்கள் முதல் தீபாவளி

ஜெர்மனியின் மியூனிக் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, கூட மனைவியும் ஆறு வயதுப் பையனும் மட்டும், பட்டாசும் இல்லை சொந்தபந்தமும் இல்லை, பேசாமல் பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை வரும் தமிழ்ச் சங்க விழாவோடு தீபாவளியை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விழாவுக்கு அவசியம் போங்கள் தம்பி. ஆனால் தீபாவளியைத் தீபாவளி அன்றைக்கே, உங்கள் வீட்டில், விடியற்காலையில் கொண்டாடிவிடுங்கள்.

நாங்கள் இங்கே வந்து 13 வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் உங்களை மாதிரிதான் நினைத்தோம். 2018-இல் தீபாவளி செவ்வாய்க்கிழமை வந்தது. எனக்கு ஆபீஸ், மகளுக்குக் கிண்டர்கார்டன், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில், "எண்ணெய் தேச்சுக் குளிச்சியா கண்ணு?" என்று மகளைக் கேட்டார். "தீபாவளி சனிக்கிழமைதானே பாட்டி?" என்றாள் அவள். அம்மா ஒன்றும் சொல்லாமல் பேச்சை மாற்றினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து நாள் எதுவானாலும் அன்றைக்கேதான்.

இந்த வருடம் (2026) தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இங்கே ஞாயிறு கடை கிடையாது. பச்சரிசி, வெல்லம், நெய் எல்லாம் சனிக்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும். மிக்ஸி, கிரைண்டர் வேலையையும் சனிக்கிழமை பகலிலேயே முடித்துவிடுங்கள். இரவு 10-லிருந்து காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது.

நல்லெண்ணெயை இந்தியக் கடையில் வாங்குங்கள். ஆசியக் கடையில் எள் எண்ணெய் என்று கறுப்பாக இருப்பது வறுத்த எள்ளில் எடுத்தது. சமையலில் வாசனைக்குச் சில சொட்டு விடுவார்கள், தலைக்கு ஆகாது.

பையனை 5 மணிக்கு எழுப்புங்கள். நவம்பரில் இங்கே விடிய 7 மணி தாண்டும், அதனால் நல்ல இருட்டு இருக்கும். எண்ணெயில் ரெண்டு மிளகு போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் வையுங்கள். மகளுக்கு முதல்முறை வைத்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு, எண்ணெய் காதோரம் வழிய வழிய, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டாள். குளியல் தொட்டி வழுக்கும், உள்ளே ஒரு துண்டை விரித்துவிடுங்கள். அப்புறம் புதுத்துணிக் காலரில் மஞ்சள் தடவி, லேகியம் ஒரு உருண்டை கொடுத்து, ஊருக்குப் போன் போடுங்கள். இங்கே 6 மணி என்றால் ஊரில் காலை பத்தரை, எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்டால் பையனே பதில் சொல்லட்டும்.

பட்டாசுக்கு டிசம்பர் 31, ஜனவரி 1 ரெண்டு நாள்தான் அனுமதி. மற்ற நாளில் வெடித்தால் அபராதம். விமானத்தில் கொண்டுவரவும் தடை, சின்ன வெடிகூட வேண்டாம். கம்பி மத்தாப்புக்கு வருடம் முழுக்கத் தடையில்லை. 'வுண்டர்கெர்ட்சன்' என்று கேளுங்கள், டப்பாவில் எஃப்1 என்று போட்டிருக்கும், ஆபத்து குறைந்த வகை என்று அர்த்தம். அதுவும் 12 வயதுக்கு மேல்தான், அதனால் நீங்கள் பிடியுங்கள், பையன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வீட்டுக்குள் வேண்டாம். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், வெளியே போய்க் கொளுத்திவிட்டு வந்துவிடலாம்.

முறுக்கு சுடும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை அலாரம் கட்டாயம், எண்ணெய்ப் புகைக்கே அலறிவிடும். அகல் விளக்கை ஜன்னலோரம் ஏற்றுங்கள், மாடிப்படியில் வேண்டாம். தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓடும் வழி அது.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர்கள். முந்தின நாளே ஒரு தட்டில் பலகாரம் வைத்து, நாளைக்கு எங்கள் பண்டிகை, விடியற்காலையில் எழுந்துவிடுவோம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் கீழ்வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். முதல்முறை அதிரசம் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். பிடிக்கவில்லை போல என்று நினைத்தோம். டிசம்பரில் ஒருநாள் கதவைத் தட்டினார். கையில் எங்கள் எவர்சில்வர் தட்டு, அது நிறைய அவர் கையால் சுட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட். ஊரில் அம்மாவும் வந்த தட்டை ஒருநாளும் வெறுமனே திருப்பித் தரமாட்டார், ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் கொடுப்பார். அந்தத் தட்டு இன்றைக்கும் வருடாவருடம் எங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுவே போய் வருகிறது.

அதிரசம் பத்து கூடுதலாகவே சுடச் சொல்லுங்கள்.